பிரிந்து போனவரின் சாமான்கள்: வைத்திருப்பதா, ஒப்படைப்பதா, அனுப்புவதா, கழிப்பதா?

பிரிந்து போன கணவனோ மனைவியோ விட்டுச்சென்ற சாமான்களை என்ன செய்வது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பீரோவைக் காட்டித்தான் கேட்கிறார்கள். பீரோவுக்கு அவசரமே இல்லை. உள்ளே துணிக்கடியில் கிடக்கும் பாஸ்போர்ட், மீனவர் அடையாள அட்டை, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் இன்சுலின் ஆகியவைதான் இன்றைக்கே கைமாற வேண்டியவை. எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் பார்த்து, "வந்தால் எடுக்கட்டும், வராவிட்டால் தூக்கிப்போடுவோம்" என்று ஒரே முடிவெடுத்தால், அது பீரோவுக்குச் சரியாக இருந்தாலும் பாஸ்போர்ட்டுக்குத் தப்பாகிவிடும்.

வழிகள் ஐந்து இருக்கின்றன: வீட்டிலேயே வைத்திருப்பது, இன்னொருவர் மூலம் கையில் ஒப்படைப்பது, பார்சலில் அனுப்புவது, போலீஸ் ஸ்டேஷன் அல்லது கோர்ட் வழியாகக் கொடுப்பது, விற்பது அல்லது கழிப்பது. எங்களைக் கேட்டால் இரண்டாவதுதான் முதலில். ஆனால் எல்லாப் பொருளுக்கும் அது ஒத்துவராது.

தொண்டி முதல் சாயல்குடிப் பக்கம் வரையுள்ள ராமநாதபுரம் கடற்கரையை வைத்து இதை எழுதுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று உப்புக்காற்று. மதுரையில் ஒரு வருடம் கெடாமல் இருக்கும் பொருள் பாம்பனில் ஒரு மழைக்காலம் தாங்காது. இரண்டாவது, வீடு யாருடையது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறது. பெரும்பாலான ஊர்களில் பெண் கணவன் வீட்டுக்குப் போகிறாள்; பிரிந்தால் அங்கே தங்கிவிடுவது அவள் கொண்டுவந்த சீர்ப் பாத்திரம், கட்டில், பீரோ, நகை. கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பது வழக்கம். பிரிந்தால் தங்கிவிடுவது அவருடைய துணிமணி, பைக், வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பெட்டிகள். யார் பொருள் யார் வீட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சட்டமும் கொஞ்சம் மாறும்.

போனது வேறு, விட்டது வேறு

கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவர் சாமான்களை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அர்த்தமில்லை. இத்தனை நாள் கடந்தால் வீட்டில் கிடக்கும் பொருள் உங்களுக்குச் சொந்தம் என்று சொல்லும் விதியும் கிடையாது. ஒப்படைத்து வைத்த பொருளைத் திரும்பப் பெற வழக்குப் போட, கேட்டு மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசத்தை 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் கொடுக்கிறது. அவர் இன்னும் கேட்கவே இல்லை என்றால் அந்தக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. "ரெண்டு வருசமா வரல, இனி எங்கே வரப்போறாக" என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது.

மனைவியின் சீதனப் பொருள் விஷயத்தில் இது இன்னும் இறுக்கம். 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சீதனம் மனைவிக்கு மட்டுமே உரியது, கணவன் வீட்டில் இருந்தாலும் அது நம்பி ஒப்படைத்த பொருள்தான் என்று சொன்னது. திருப்பிக் கொடுக்க மறுத்தால் நம்பிக்கை மோசடி. இப்போது நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவின்படி அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 19-ஆவது பிரிவின் 8-ஆவது உட்பிரிவு, சீதனத்தையும் மற்ற பொருள்களையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிட வழி செய்கிறது. அந்தச் சட்டம் மதம் பார்ப்பதில்லை. திருமணம் போலவே சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கும் பொருந்தும்.

இன்னொன்று. சாமான்களை வெளியே வைத்துப் பூட்டை மாற்றுவதை, வீட்டைவிட்டு வெளியேற்றியதாகவே எடுத்துக்கொள்ள முடியும். சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை பெண்ணுக்கு இதே சட்டத்தில் தனியாக இருக்கிறது. பொருளை ஒப்படைப்பதையும் வீட்டுத் தகராறையும் ஒரே நாளில் சேர்த்துச் செய்யாதீர்கள்.

எந்த வழியானாலும் முதலில் பட்டியல்

பட்டியல் இல்லாமல் ஒப்படைத்தால் பிறகு வரும் சண்டை பொருளைப் பற்றியதாக இருக்காது, எண்ணிக்கையைப் பற்றியதாக இருக்கும். இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் உங்கள் பக்கம், மற்றவர் இரு பக்கமும் சேராத அண்டை வீட்டுக்காரர். அறை அறையாகப் போங்கள். தொடுவதற்கு முன்பே ஒரு வீடியோ, பீரோ கதவு திறப்பதிலிருந்து நிறுத்தாமல் எடுங்கள். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் எண், எழுத்து, படம்.

எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "பித்தளைப் பாத்திரம் கொஞ்சம், சேலைகள், நகை" என்று எழுதிய பட்டியலும் எழுதாத பட்டியலும் ஒன்று. இப்படி இருக்க வேண்டும்:

7. பித்தளைக் குடம் 1, கழுத்தில் பெயர் வெட்டியது, அடியில் நசுங்கல், எடை 3 கிலோ 200 கிராம்.
8. பட்டுச்சேலை 1, அரக்கு, பச்சைக் கரை, முந்தியில் இரண்டு இடத்தில் ஜரிகை கறுத்துள்ளது.
9. மிக்ஸி 1, ஜார் 2 (சின்ன ஜாருக்கு மூடி இல்லை), ஓடுகிறது.

நசுங்கல், கறுப்பு, மூடி இல்லாதது ஆகியவற்றை எழுதாமல் விட்டால் அவையெல்லாம் உங்கள் வீட்டில் நேர்ந்தவையாகிவிடும். சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பது இந்த ஊர்ப்பக்கம் பெரிய வசதி. பெயரைப் பார்த்தே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கல்யாணத்தன்று சீர் வாசித்தபோது எழுதிய நோட்டும் மொய் நோட்டும் இருந்தால் அவற்றோடு ஒத்துப்பாருங்கள்.

நகையை வீட்டுத் தராசில் நிறுக்காதீர்கள். கடையில், சாட்சியோடு, உருப்படி உருப்படியாக, கிராமில் மூன்று தசமம் வரை. பவுன் கணக்கில் மட்டும் எழுதினால் (ஒரு பவுன் 8 கிராம்) "நாலு பவுன் சங்கிலி" என்பது 31 கிராமா 33 கிராமா என்று பின்னால் தெரியாது. கல் பதித்ததென்றால் கல்லோடு எடை என்று குறியுங்கள். 2023 ஏப்ரல் முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகைக்கு ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியான அடையாள எண்) கட்டாயம், எழுத்தும் எண்ணும் கலந்து லென்ஸ் வைத்தால்தான் தெரியும். அந்த எண்ணைப் பட்டியலில் எழுதிவிட்டால் நகை மாற்றிவிட்டார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய நகையில் அது இருக்காது; படத்தை நெருக்கமாக எடுங்கள்.

இருவரும் சேர்ந்து வாங்கிய ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி. போன்றவற்றைத் தனித்தாளில் எழுதுங்கள். பில் யார் பெயரில், தவணை யார் கணக்கிலிருந்து போனது, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்ற மூன்றும் போதும். தவணை முடியாத பொருளை யாரும் விற்கக் கூடாது. மகளிர் குழுக் கடனில் வாங்கியது என்றால் கடன் யார் தலையில் இருக்கிறதோ அவர் பக்கம் பொருளும் போவது நியாயம்.

பட்டியல் முடிந்ததும் முதல் நாளே கொடுக்க வேண்டியவற்றைப் பிரியுங்கள்: மருந்து, மூக்குக்கண்ணாடி, பாஸ்போர்ட், கப்பல் வேலைக்காரர் என்றால் சி.டி.சி. (கப்பல் பணிப் புத்தகம்), சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, படகுப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை. மற்ற எல்லாவற்றிலும் பேரம் பேசலாம், இவற்றில் கூடாது. பாஸ்போர்ட் சட்டப்படி அரசின் சொத்து. பிடித்து வைத்துக்கொண்டு "நகையைக் கொடு, தர்றேன்" என்றால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் புகார் உங்கள் மேல்தான் போகும். வளைகுடாவில் வேலை பார்ப்பவரின் விசா நாள் கடந்துபோனால் அந்த நட்டத்தை எந்தப் பஞ்சாயத்தும் ஈடுகட்டாது.

ஆடும் கோழியும் விட்டுப்போயிருந்தால் அவையும் இந்த வரிசையில்தான். தீனிச் செலவை எழுதி வையுங்கள்.

வழி 1: வீட்டிலேயே வைத்திருப்பது

செலவில்லாத வழி போலத் தெரியும். இந்தக் கரையில் இதுதான் அதிகச் செலவு. பொருள் உங்கள் கையில் இருக்கும்வரை அதன் கேடுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒருவர் தன் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அவ்வளவு கவனம் வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் ஒப்படைத்த பொருளுக்கு வைக்கும் அளவுகோல். விட்டுச்சென்ற பொருளுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். பஞ்சாயத்தில் உட்காருபவர்களும் அதே அளவுகோலைத்தான் கையில் எடுப்பார்கள்.

என்னென்ன கெடும் என்று பார்ப்போம். பட்டுச்சேலையைக் கடை கொடுத்த பிளாஸ்டிக் உறையிலேயே வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று ஜரிகை கறுக்கும், மடிப்பில் இழை விடும். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி, நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விட வேண்டும். பாச்சா உருண்டை ஜரிகையில் நேரே படக்கூடாது; துணியில் முடிந்து ஓரத்தில் போடுங்கள். இதைப் பிரிந்துபோனவரின் சேலைக்கு யார் உட்கார்ந்து செய்வார்கள்? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னாலே முதல் வழியை வேண்டாமென்று பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.

இரும்பு பீரோவும் ட்ரங்குப் பெட்டியும் தரையைத் தொடும் இடத்திலிருந்துதான் துருப்பிடிக்கும். நான்கு மூலைக்கும் செங்கல் கொடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பித்தளை, செம்புப் பாத்திரங்களைக் கழுவியதும் வெயிலில் நன்றாகக் காயவைத்துச் செய்தித்தாளில் சுற்ற வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் பச்சைக் களிம்பு. தோல் பை, தோல் செருப்பு ஐப்பசி மழையில் பூஞ்சை பூக்கும். ஆல்பத்துப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகம் உரிந்து வரும். இடையில் வெள்ளைத் தாள் வைத்து, நிமிர்த்தி வைக்க வேண்டும்.

வலைதான் பெரிய தலைவலி. நைலான் வலைக்கு முதல் எதிரி வெயில், இரண்டாவது எலி. மாடியில் போட்டு ஓலை மூடினால் ஓட்டை வழியாக விழும் வெயிலிலேயே நூல் இற்றுவிடும். மீன் வாடையோடு மூட்டை கட்டிப்போட்டால் எலி குட்டி போடும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, தரையில் படாமல் கொம்பில் தொங்கவிட வேண்டும். மிதவையையும் ஈயக்குண்டையும் எண்ணிப் பட்டியலில் எழுதுங்கள். வலை இருந்து ஈயம் போயிருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும். அவுட்போர்டு எஞ்சின் இருந்தால் நல்ல தண்ணீர் ஓடவிட்டு உப்பைக் கழுவி, டாங்க் எண்ணெயை வடித்து, நிமிர்த்தி நிறுத்துங்கள். கேன்களில் மண்ணெண்ணெய், பெட்ரோல் வீட்டுக்குள் வேண்டாம்.

பைக்கை நிறுத்தி வைத்தால் ஆறு வாரத்தில் பேட்டரி இறங்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, சென்டர் ஸ்டாண்டில் போட்டு, உறை மூடி வைக்கலாம். ஓட்டாதீர்கள். ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில், இன்ஷூரன்ஸ் முடிந்துபோயிருக்கும். ஏர்வாடி ரோட்டில் ஒரு விபத்து நேர்ந்தால் பிரிந்த இருவரும் மறுபடியும் ஒரே வழக்கில் நிற்க வேண்டி வரும்.

போன், லேப்டாப் என்றால் திறக்கவே கூடாது. பாஸ்வேர்டு தெரிந்தாலும் அனுமதி இல்லாமல் உள்ளே போவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் குற்றமாகக்கூடும். ரீசெட் செய்வதும் வேண்டாம். பாதி சார்ஜில் அணைத்து, உறையில் போட்டு, ஒட்டிய இடத்தில் சாட்சி கையெழுத்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் சிம் எண்ணுக்குத்தான் அவருடைய வங்கி ஓ.டி.பி. வரும் என்பதால் இதுவும் சீக்கிரம் போகவேண்டிய பொருள்.

ஆக, வைத்திருப்பது என்றால் தேதி போட்டு வைத்திருப்பது. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகில் போகிறவர் கரையில் இருக்கும் காலம் அது, மராமத்துக்கு அவருக்கும் வலை, எஞ்சின் வேண்டும். மற்ற வீட்டுச் சாமானை மழைக்கு முன், புரட்டாசி முடிவதற்குள் கைமாற்றிவிடுவது நல்லது.

வழி 2: இன்னொருவர் மூலம் கையில் ஒப்படைப்பது

பிரிந்த இருவரும் நேருக்கு நேர் நின்று சாமான் எண்ணுவது அநேகமாகப் பழைய கணக்கில்தான் போய் முடியும். நடுவில் ஒருவர் வேண்டும். தாய்மாமன், ஊர்த் தலைவர், ஜமாஅத் நிர்வாகி, பங்குத்தந்தை என இந்தக் கரையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கல்யாணத்தைப் பேசி முடித்தவரை மட்டும் கூப்பிடாதீர்கள். அவருக்குத் தன் பேச்சைக் காப்பாற்றுவதில்தான் அக்கறை இருக்கும், சாமானில் இருக்காது.

சொல்லியனுப்புவது எழுத்தில் இருக்கட்டும். வாட்ஸாப் போதும். மனைவியின் தாய்மாமனுக்குக் கணவன் எழுதுவது இப்படி இருக்கலாம்:

"மாமா, வணக்கம். உங்க மருமகளோட சாமான் 34 உருப்படி இங்க இருக்கு. லிஸ்ட்டும் போட்டோவும் கீழ அனுப்பியிருக்கேன். வர்ற 20-ஆம் தேதி ஞாயித்துக்கெழம பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள்ள வண்டி கொண்டாந்து எடுத்துக்கலாம். தோதுப்படலைன்னா வேற ரெண்டு தேதி நீங்களே சொல்லுங்க. நான் அன்னைக்கு வீட்டுல இருக்க மாட்டேன், சித்தப்பா இருப்பாக. லிஸ்ட்டுல ஏதும் விட்டிருந்தா சொல்லுங்க, தேடிப் பாக்குறேன்."

கோபம் இல்லை, காரணம் இல்லை, பழைய பேச்சு இல்லை. கடைசி வரி முக்கியம். "திருடிவிட்டான்" என்று சொல்ல வந்தவரை "இது விட்டுப்போச்சு" என்று சொல்ல வைக்கும்.

தேதியில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து பொருள் வெளியே போகக் கூடாது என்பவர்கள் உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெள்ளி மதியம் ஜும்ஆ. தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலை பூசை முடியும்வரை யாரும் வரமாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் சாமான் இடம் மாற்றப் பெரியவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் முறை வைத்துக் கடலுக்குப் போவதால் தூக்க ஆள் கிடைக்கும் நாளும் கிடைக்காத நாளும் உண்டு. இதையெல்லாம் பார்த்துத் தேதி சொன்னால், மறுக்க ஒரு காரணம் குறையும்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது: சாமானை முன்னறையிலோ தாழ்வாரத்திலோ எண் தெரியும்படி அடுக்கி வையுங்கள். வருபவர் உள்ளறைக்குள் போகத் தேவை வரக்கூடாது. பெட்டிக்கு ஓர் எண், பெட்டிக்குள் இருப்பவற்றின் பட்டியல் மூடியின் உள்பக்கம். பாத்திரத்துக்குச் சின்னப் பெட்டி. பெரிய பெட்டியில் பித்தளையை நிரப்பினால் தூக்கும்போது அடி கழன்றுவிடும். பீரோ, கட்டில், பத்துப் பெட்டி வரை ஒரு குட்டி யானை வண்டியில் அடங்கும். கட்டிலைக் கழற்றினால் போல்ட்டும் நட்டும் ஒரு பையில் போட்டுக் கட்டில் காலிலேயே கட்டிவிடுங்கள். பீரோ சாவியை மறக்காதீர்கள். பீரோ போய்ச் சாவி இங்கே தங்கினால் "லாக்கரில் என்ன இருந்தது" என்று அடுத்த கதை தொடங்கும்.

ரசீது இரண்டு படி. "பட்டியலில் 1 முதல் 34 வரையுள்ள பொருள்களைப் பார்த்து, எண்ணி, இன்று பெற்றுக்கொண்டேன்", தேதி, நேரம், பெறுபவர் கையெழுத்து, சாட்சி இருவர். ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. இதில் "இனி எனக்கு எந்த உரிமையும் இல்லை, வழக்குப் போடமாட்டேன்" என்று ஒரு வரியைச் சொருகப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த ஒரு வரியால் எதிர்த்தரப்பு எதிலும் கையெழுத்துப் போடாமல் போகும்; ஜீவனாம்சம், பிள்ளைகள் விஷயமெல்லாம் சாமான் ரசீதில் தீராது. பெறுபவர் பக்கம் இருப்பவருக்கும் ஒரு சொல்: எண்ணாத பெட்டிக்கு "எல்லாம் பெற்றேன்" என்று எழுதாதீர்கள். "பெட்டி 6 திறக்கப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடலாம்.

தாலியை மற்ற நகையோடு முடிந்து அனுப்பாதீர்கள். அதை என்ன செய்வது என்று பெரியவர்கள் வழியாகக் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி தனியாக.

வழி 3: பார்சல்

அவர் சென்னையிலோ திருப்பூரிலோ இருந்து வரமாட்டேன் என்றால் இதுதான். துணி, புத்தகம், சின்னச் சாமான் என்றால் ஸ்பீடு போஸ்ட். அனுப்பிய ரசீதும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றும் கிடைக்கும். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டதால் நோட்டீஸ் அனுப்பினாலும் அதில்தான். கனமான பெட்டிக்கு லாரி பார்சல் சர்வீஸ். முகவரியை அவரிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். பழைய முகவரிக்கு அனுப்பித் தொலைந்தால் பழி உங்களுக்கு.

எவை போகக்கூடாது: நகை, ரொக்கம், அசல் சான்றிதழ்கள். வளைகுடாவிலிருந்து வந்த சென்ட் பாட்டில், ஸ்ப்ரே, பவர் பேங்க் போன்றவற்றை விமானப் பார்சலில் எடுக்கமாட்டார்கள். ஒரு பாட்டிலுக்காகப் பெட்டியே திரும்பி வரும். பைக்கை ரயில் பார்சலில் போட்டால் பெட்ரோலை முழுவதும் வடித்து, ஆர்.சி. நகல் வைத்து, கண்ணாடி, இண்டிகேட்டர்களுக்குச் சாக்குச் சுற்ற வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு, ஊரிலிருந்து போகிற ஒருவர் கையில் பெட்டி கொடுத்துவிடுவது இங்கே சாதாரணம். கட்டிய பெட்டியைக் கொடுக்காதீர்கள். கொண்டுபோகிறவர் கண்முன் திறந்து கட்டுங்கள். இங்கே மருந்துச் சீட்டில் கிடைக்கும் சில வலி மாத்திரையும் இருமல் மருந்தும் வளைகுடா நாடுகளில் பிடிபட்டால் சிறை. பழைய மாத்திரைப் பையைத் துணியோடு சேர்த்துச் சுருட்டி வைக்கும் ஒரு நொடிக் கவனக்குறைவில் மூன்றாவது மனிதர் மாட்டிக்கொள்வார்.

வழி 4: ஸ்டேஷன், சட்ட உதவி மையம், கோர்ட்

கைநீட்டி அடித்தவரை விட்டுப் பிரிந்தது, மிரட்டல் இருக்கிறது, நகையில் கணக்கு ஒத்துவரவில்லை, ஏற்கெனவே வழக்கு நடக்கிறது என்றால் ஊர்ப் பஞ்சாயத்தை விட்டுவிட்டு நேராக இங்கே வாருங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (மனு பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது) வாங்கிக்கொள்ளுங்கள், வாய்மொழியாகக் கூப்பிட்டுப் பேசி அனுப்பியதற்கு எந்தத் தடயமும் இருக்காது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, தொலைபேசி 15100. பெண்கள் உதவிக்கு 181.

வழக்கு நடக்கும்போது சாமானை நகர்த்துவதற்கு முன் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். மனு போட்டால் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரைக் கோர்ட் அனுப்பிப் பட்டியல் எடுக்கவைக்கவும் முடியும். கல்யாணத்தின்போது இருவருக்கும் பொதுவாக வந்த பொருளுக்கு, இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆவது பிரிவில் விவாகரத்து வழக்கிலேயே தீர்வு கேட்கலாம். முஸ்லிம் பெண்ணுக்கு, திருமணத்துக்கு முன்னும் பின்னும் உறவினர்களும் கணவன் வீட்டாரும் கொடுத்த பொருள்கள் விவாகரத்தானதும் சேர வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

இந்த வழியின் குறை, நேரம். ஸ்டேஷனில் பேசித் தீர்ந்தால் ஒரு வாரம். கோர்ட் என்றால் சேலை கறுத்துப் பித்தளை பச்சையாகிவிடும். அதனால் தகராறு இல்லாத பொருளை இரண்டாவது வழியில் கொடுத்துவிட்டு, தகராறு உள்ளதை மட்டும் இங்கே கொண்டுவருவதே கெட்டிக்காரத்தனம்.

அடகில் இருக்கும் நகை தனிக் கதை. மனைவியின் நகையைத் தன் பெயரில் வங்கியில் வைத்தவர், "ரசீது தர்றேன், நீ மீட்டுக்க" என்று சொல்ல முடியாது; வைத்தவர் வந்தால்தான் வங்கி நகையைக் கொடுக்கும். தவணை போட்டாவது மீட்டு ஒப்படைக்க வேண்டும். ஏலத்துக்குப் போய்விட்டால் அது திருப்பித் தராத நகைதான். ரசீதின் நகலும் ஏல நோட்டீஸ் வந்தால் அதன் நகலும் அன்றன்றே மனைவியின் கைக்குப் போகட்டும்.

வழி 5: விற்பது, கொடுப்பது, எரிப்பது

போகி வருகிறதே, பழசெல்லாம் போகட்டும் என்று தோன்றும். அடுத்தவர் பொருளை அழிப்பது சட்டத்தில் குற்றம். எரித்த வீடியோவை ஸ்டேட்டஸில் போடுவது அந்தக் குற்றத்துக்கு நாமே எடுத்துக்கொடுக்கும் சாட்சி. ஆத்திரம் தாங்கவில்லையென்றால் சாமானை ஒரு வாரம் அண்டை வீட்டு அறைக்கு மாற்றுங்கள்.

எதை நியாயமாகக் கழிக்கலாம்? கெட்டுப்போகும் உணவு, காலாவதி மருந்து, கரையான் அரித்த பாய், தலையணை. படம் எடுத்துவிட்டு எறியுங்கள். மற்றவற்றுக்கு எழுத்தில் இசைவு வேண்டும்: "வேண்டாம், என்ன வேணா பண்ணிக்கங்க" என்று பட்டியலில் எந்த எண் என்று குறிப்பிட்டு வந்த ஒரு வாட்ஸாப் செய்தி போதும். பதிலே வரவில்லையென்றால் 30 நாள் கெடு வைத்து முதல் நோட்டீஸ், 15 நாள் கெடுவில் இரண்டாவது, இரண்டும் ஸ்பீடு போஸ்டில். இந்த நாள்கணக்கு சட்டம் போட்டதல்ல, நியாயமாக நடந்துகொண்டதற்கான தடயம். அதன் பிறகும் விலையுள்ள பொருளை விற்காமல் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. இடமே இல்லாமல் விற்றுத்தான் ஆகவேண்டும் என்றால் வக்கீலைக் கேட்டுவிட்டு, இரண்டு கடையில் விலை கேட்டு, ரசீதோடு விற்று, பணத்தை அவர் கணக்கில் போடுங்கள்.

கிழிந்த வலையைக் கடலில் தள்ளிவிடுவது இந்தக் கரையில் இன்னும் நடக்கிறது. மன்னார் வளைகுடாவில் 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. கைவிட்ட வலை பவளப்பாறையில் சிக்கி ஆமையையும் மீனையும் ஆளில்லாமலே பிடித்துக்கொண்டிருக்கும். சொந்தக்காரர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் ஈயத்தையும் மிதவையையும் பிரித்து, பழைய வலை எடுப்பவரிடம் எடைக்குப் போடுங்கள்.

எல்லாம் ஒப்படைத்து ஒரு மாதம் கழித்து, பரணில் ஒரு கொலுசோ அலமாரிக்குப் பின்னால் ஒரு சான்றிதழோ கட்டாயம் கிடைக்கும். பழைய பட்டியலின் நகலை எடுத்து 35 என்று எழுதி, படம் எடுத்து, அதே மாமாவுக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.